பூனைக்குச் சர்க்கரை நோய்: வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது?

பூனைக்குச் சர்க்கரை நோய் என்று மருத்துவர் சொன்னதும் வீட்டில் எழும் முதல் கேள்வி, “நாங்கள் இனிப்பே கொடுத்ததில்லையே?” என்பதுதான். கொடுத்திருந்தாலும் அது பெரும்பாலும் திரும்பிப் பார்த்திருக்காது. பூனைக்கு இனிப்புச் சுவையே தெரியாது. நாக்கில் இனிப்பை உணர்த்தும் மரபணுக்களில் ஒன்று பூனை இனத்தில் வேலை செய்வதில்லை. ஆனாலும் சர்க்கரை நோய் பூனைகளுக்கு அரிதான ஒன்றல்ல. நடு வயதைத் தாண்டிய, உடம்பு போட்ட, கருத்தடை செய்த ஆண் பூனைகளில் அதிகம் பார்க்கலாம். வீட்டுக்குள்ளேயே சாப்பிட்டுத் தூங்கி எழும் வாழ்க்கை அதற்கு இன்னும் தோது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது வீட்டில் வைத்துச் சமாளிக்கக்கூடிய நோய். தினம் இரண்டு ஊசி, ஒழுங்கான சாப்பாடு, கொஞ்சம் கணக்கு. இதைக் கேட்டதும் பயம் வருவது இயல்பு. ஆனால் பயப்பட வேண்டிய இடம் ஒன்று, மக்கள் பயப்படும் இடம் வேறொன்று. சர்க்கரை அளக்கும் கருவியில் 400 என்று காட்டினால் பதறுகிறார்கள்; 55 என்று காட்டினால் “பரவாயில்லையே, குறைந்துவிட்டது” என்கிறார்கள். உண்மை நேர்மாறானது. சர்க்கரை இரண்டு மூன்று நாள் கூடுதலாக இருந்தால், பூனை சாப்பிட்டு நடமாடிக்கொண்டிருக்கும் வரை, தாங்கும். சர்க்கரை மிகவும் கீழே இறங்கினால் சில மணி நேரத்தில் உயிரே போகலாம். வீட்டில் எடுக்கும் எல்லா முடிவுக்கும் இதுதான் அடிப்படை.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

சாப்பாட்டிலிருந்து வரும் குளுக்கோஸ் ரத்தத்தில் சுற்றுகிறது. அது தசைக்கும் கொழுப்புத் திசுவுக்கும் உள்ளே போக இன்சுலின் வேண்டும். இன்சுலினைக் கணையத்தில் இருக்கும் பீட்டா செல்கள் சுரக்கின்றன. நாய்களுக்கு வரும் சர்க்கரை நோயில் பெரும்பாலும் இந்த செல்களே அழிந்துபோகும். பூனைகளுக்கு வருவது மனிதர்களின் இரண்டாம் வகையை ஒத்தது: இன்சுலின் இருக்கும், உடம்பு அதற்குக் காது கொடுக்காது. கணையம் மேலும் மேலும் சுரந்து பார்த்து ஓய்ந்துபோகும். அமிலாய்டு என்ற புரதப் படிவும் பீட்டா செல்கள் இருக்கும் இடத்தில் சேரும். போதாக்குறைக்கு, ரத்தத்தில் தொடர்ந்து உயர்ந்தே நிற்கும் சர்க்கரை, மிச்சமிருக்கும் செல்களையும் முடக்குகிறது.

இதில் ஒரு நல்ல செய்தி உண்டு. முடங்கிய செல்கள் எல்லாம் செத்துவிட்டவை அல்ல. சீக்கிரமே சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்தால் சில செல்கள் மீண்டும் வேலைக்குத் திரும்பும். இன்சுலினே தேவைப்படாத நிலைக்குப் போகும் பூனைகளும் இருக்கின்றன. அதனால்தான் “கொஞ்ச நாள் சாப்பாட்டை மாற்றிப் பார்ப்போம், ஊசியை அப்புறம் பார்க்கலாம்” என்று தள்ளிப்போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

நோயைத் தூண்டும் வேறு காரணங்களும் உண்டு. தோல் அரிப்புக்கோ ஆஸ்துமாவுக்கோ கொடுத்த ஸ்டீராய்டு, கணைய அழற்சி, பிட்யூட்டரிச் சுரப்பியில் வளரும் கட்டியால் மிகையாகும் வளர்ச்சி ஹார்மோன் என்று பட்டியல் நீளும். சமீபத்தில் ஏதாவது ஸ்டீராய்டு போட்டிருந்தால் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

எதைப் பார்த்துச் சந்தேகப்படுவது?

தண்ணீர்க் கிண்ணம் சீக்கிரம் காலியாகும். மணல் தட்டில் சிறுநீரில் நனைந்த மணல் முன்பைவிடப் பெரிய பெரிய கட்டிகளாக இருக்கும். பூனை ஆசையாகச் சாப்பிடும், ஆனால் முதுகெலும்பு கைக்குத் தட்டுப்படும். இந்த மூன்றும் சேர்ந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டியதுதான். சந்தேகமாக இருந்தால் தண்ணீரை அளந்து வைத்துப் பாருங்கள். ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளில் 100 மில்லிக்கு மேல் குடித்தால் அது மிகுதி. ஆனால் சிறுநீரகக் கோளாறும் தைராய்டு மிகுதியும்கூட வயதான பூனைகளில் இதே போலத்தான் ஆரம்பிக்கும். எது என்பது ரத்தப் பரிசோதனையில்தான் தெரியும்.

சில பூனைகள் நடையிலேயே காட்டிக்கொடுக்கும். பூனை இயல்பாகப் பின்னங்கால் விரல்களில்தான் நடக்கும். குதிகால் தரையில் படாது. நீண்ட நாள் சர்க்கரை உயர்ந்திருந்தால் நரம்பு பாதிக்கப்பட்டுக் குதிகாலைத் தரையில் பதித்து நடக்கும். மேசைமேல் தாவ யோசிக்கும். வயதாகிவிட்டது என்று விட்டுவிடுவோம். சர்க்கரை கட்டுக்குள் வந்தால் இந்த நடை பல பூனைகளில் மெல்ல மெல்லச் சரியாகும், மாதக் கணக்கு ஆகலாம்.

நோயை உறுதி செய்வதில் ஒரு சிக்கல். ஆரோக்கியமான பூனையின் ரத்த சர்க்கரை ஏறத்தாழ 70 முதல் 150 வரை இருக்கும். (இந்தக் கட்டுரையில் வரும் அளவுகள் எல்லாம் டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கு. உங்கள் கருவி மில்லிமோலில் காட்டினால் அதை 18-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்.) ஆனால் கூண்டு, வண்டிப் பயணம், நாயின் குரைப்பு, முன்பின் தெரியாத கை என்று மிரண்டுபோன பூனைக்கு நோயே இல்லாமலும் 300-ஐத் தாண்டும். அதனால் மருத்துவமனையில் எடுத்த ஒரே ஒரு அளவை வைத்து முடிவு கட்ட முடியாது. ஃபிரக்டோசமைன் என்ற பரிசோதனை கடந்த ஒன்றிரண்டு வாரத்துச் சராசரியைக் காட்டும். சிறுநீரில் சர்க்கரை இறங்குகிறதா என்பதையும் பார்ப்பார்கள். ரத்தத்தில் சுமார் 250-ஐத் தாண்டினால்தான், அணை நிரம்பி வழிவதுபோல், சிறுநீரில் சர்க்கரை வழிய ஆரம்பிக்கும். கூடவே தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். தாகத்துக்கும் பெரிய கட்டிகளுக்கும் அதுதான் காரணம்.

ஊசி போடுவது

பூனையின் தோல் தளர்வானது, இன்சுலின் ஊசி முடியைப் போல மெல்லியது. பெரும்பாலான பூனைகளுக்குக் காதில் குத்தி ரத்தம் எடுப்பதைவிட இது எளிது. பயந்த கைதான் பிரச்சினை, ஊசி அல்ல.

பன்னிரண்டு மணி நேர இடைவெளியில் ஒரு நாளைக்கு இரண்டு முறை என்பதுதான் பொதுவான முறை. உங்களால் தினமும் கடைப்பிடிக்க முடிந்த நேரமாகப் பாருங்கள். காலை ஆறு, மாலை ஆறு என்று வைத்துவிட்டு வாரத்தில் நான்கு நாள் மாலை எட்டு மணிக்கு வீடு திரும்புவதைவிட, எட்டும் எட்டும் என்று வைத்துக்கொள்வது மேல். அரை மணி நேரம் முன்பின் ஆனால் ஒன்றும் ஆகாது.

சாப்பாட்டை வையுங்கள். பூனை சாப்பிடுகிறது என்பதைக் கண்ணால் பார்த்த பிறகே மருந்தை எடுங்கள். குப்பியைத் தலைகீழாகப் பிடித்து அளவை இழுத்து, காற்றுக்குமிழி இருந்தால் சுண்டி வெளியேற்றுங்கள். இடது கையின் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் விலாப்பக்கத்துத் தோலைச் சற்றே தூக்கினால் அடியில் ஒரு கூடாரம்போல இடைவெளி உண்டாகும். ஊசியின் சரிவான முனை மேல்நோக்கி இருக்க, தோலுக்கு ஏறத்தாழ இணையாக அந்தக் கூடாரத்துக்குள் செலுத்தி, அழுத்தி, வெளியே எடுங்கள். பலர் பிடரியில் போடுகிறார்கள். அதில் தவறில்லை, ஆனால் அங்கே ரத்த ஓட்டம் குறைவு. விலா, வயிற்றின் பக்கவாட்டு, தொடை அருகே என்று மாற்றி மாற்றிப் போட்டால் மருந்து சீராக ஏறும், ஒரே இடம் தடித்தும் போகாது.

போட்ட இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். ரோமம் ஈரமாக இருந்தால் மருந்து வெளியே போய்விட்டது. அப்போது எல்லாருக்கும் கை பரபரக்கும், “இன்னொரு அரை யூனிட் போட்டுவிடலாமா?” என்று. வேண்டாம். எவ்வளவு உள்ளே போனது என்று தெரியாது. அந்த வேளையை விட்டுவிட்டு அடுத்த வேளைக்கு வழக்கமான அளவைப் போடுங்கள். ஊசி போட்டோமா இல்லையா என்று குழப்பம் வந்தாலும் இதே விதிதான். வீட்டில் இருவர் பொறுப்பெடுத்தால் குளிர்பெட்டிக் கதவில் ஒரு தாளை ஒட்டி, போட்டவர் உடனே டிக் அடிப்பது நல்லது. ஆளுக்கொரு ஊசி போட்டு மருத்துவமனைக்கு ஓடியவர்கள் உண்டு.

சிரிஞ்சு விஷயத்தில் கொஞ்சம் நின்று நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் மோசமான தவறுகள் இங்கேதான் நடக்கின்றன. இன்சுலின் பெரும்பாலும் இரண்டு செறிவுகளில் வரும். யூ-40 என்றால் ஒரு மில்லியில் 40 யூனிட், யூ-100 என்றால் ஒரு மில்லியில் 100 யூனிட். விலங்குகளுக்கென்று வரும் கேனின்சுலின், ப்ரோசிங்க் இரண்டும் யூ-40. பூனைகளுக்கும் எழுதித் தரப்படும் கிளார்ஜின் போன்ற மனித இன்சுலின் வகைகள் பொதுவாக யூ-100. ஒவ்வொன்றுக்கும் தனிச் சிரிஞ்சு. யூ-100 மருந்தை யூ-40 சிரிஞ்சில் ஒரு கோடு இழுத்தால், ஒரு யூனிட் அல்ல, இரண்டரை யூனிட் உள்ளே போகும். ஒரு சின்னப் பூனைக்கு அது உயிர்போகும் விஷயம். மாற்றிப் போட்டால், அதாவது யூ-40 மருந்தை யூ-100 சிரிஞ்சில் இழுத்தால், ஒரு கோட்டுக்கு 0.4 யூனிட்தான் போகும். சர்க்கரை குறையவே குறையாது. புதிய பெட்டி வாங்கும் ஒவ்வொரு தடவையும் குப்பியிலும் சிரிஞ்சிலும் உள்ள எண்ணை ஒப்பிட்டுப் பாருங்கள். அரை யூனிட் கோடு போட்ட 0.3 மில்லி சிரிஞ்சு கிடைத்தால் பூனைக்கு அதுவே வசதி, ஏனென்றால் அளவை அரை அரையாகத்தான் கூட்டிக் குறைப்பார்கள்.

மருந்தைக் குளிர்பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் வையுங்கள். உறைந்துபோனால் தூக்கி எறிய வேண்டியதுதான், உருகிய பிறகு பார்க்க நன்றாக இருந்தாலும் சரி. ப்ரோசிங்க் குப்பியை உள்ளங்கைகளுக்கு நடுவே மெல்ல உருட்டிக் கலக்க வேண்டும், குலுக்கக்கூடாது. கிளார்ஜின் தெளிவான திரவம், கலக்கவே தேவையில்லை. கலங்கலாகத் தெரிந்தால் போடாதீர்கள். ஒரே ஊசியை மறுபடி பயன்படுத்தாமல், கனமான மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து அப்புறப்படுத்துங்கள்.

சாப்பிடாத நாள்

காலையில் கிண்ணத்தை வைத்தால் முகர்ந்துவிட்டுப் போய்விட்டது, அல்லது சாப்பிட்டதைக் கக்கிவிட்டது. வழக்கமான முழு அளவை அன்று போடவே போடாதீர்கள். பாதி போடுவதா, தவிர்ப்பதா என்பது மருந்துக்கும் பூனைக்கும் ஏற்ப மாறும். இந்தக் கேள்வியை நிலைமை வருவதற்கு முன்பே மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வேளை ஊசி தவறினால் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஆனால் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டால் காரணத்தைத் தேட வேண்டும். பட்டினி கிடக்கும் பூனைக்கு, அதுவும் குண்டுப் பூனைக்கு, கல்லீரலில் கொழுப்பு அடைத்து வேறொரு ஆபத்து கிளம்பும்.

சர்க்கரை தாழ்ந்துபோனால்

இன்சுலின் கூடிப்போவது, சாப்பாடு குறைவது, நோய் தானாகத் தணிந்து உடம்புக்கு அவ்வளவு மருந்து தேவைப்படாமல் போவது, உலர் உணவிலிருந்து மாவுச்சத்து குறைந்த உணவுக்குத் திடீரென்று மாற்றுவது. இவற்றில் எது நடந்தாலும் சர்க்கரை இறங்கும். கருவியில் 60-க்குக் கீழே காட்டினால், பூனை நன்றாகத் தெரிந்தாலும் அதை அவசரமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

வெளியே தெரியும் குறிகள்: திடீர்ப் பசி, அமைதியின்மை, தள்ளாட்டம், நடுக்கம், விரிந்த கண்மணியோடு எங்கேயோ வெறித்துப் பார்ப்பது, கூப்பிட்டால் திரும்பாமை. கடைசியில் வலிப்பு, மயக்கம். சில பூனைகள் எந்தக் குறியும் காட்டாமல் நேராக வலிப்புக்குப் போவதும் உண்டு.

நினைவோடு இருந்து சாப்பிட முடிகிறது என்றால் உடனே சாப்பாடு கொடுங்கள். இந்த ஒரு நேரத்தில் மட்டும் வழக்கமாக விலக்கும் மாவுச்சத்துள்ள உணவும் சரி. தள்ளாடினாலோ சாப்பிட மறுத்தாலோ தேனோ குளுக்கோஸ் பாகோ விரலில் எடுத்து ஈறில் தேய்த்துவிடுங்கள். வலிப்பு வந்துகொண்டிருக்கும்போது வாய்க்குள் எதையும் ஊற்றாதீர்கள், விரலையும் பற்களுக்கு நடுவே வைக்காதீர்கள். திரவம் மூச்சுக்குழாய்க்குப் போய்விடும். கன்னத்தின் உள்பக்கமோ ஈறிலோ பூசினால் போதும். செயற்கை இனிப்பு கலந்த பாகு உதவாது, அதில் சர்க்கரையே இல்லை. பதினைந்து நிமிடத்தில் மறுபடி அளந்து பாருங்கள். தேறியதும் “அப்பாடா” என்று தூங்கப் போய்விடாதீர்கள். தேனின் வேலை சீக்கிரம் முடிந்துவிடும், உள்ளே போன இன்சுலினின் வேலை முடியாது. அதனால் சர்க்கரை மறுபடி இறங்கும். மருத்துவருக்குத் தொலைபேசி செய்வதும், வலிப்போ மயக்கமோ வந்திருந்தால் பூனையைத் தூக்கிக்கொண்டு போவதும் கட்டாயம். அடுத்த ஊசியின் அளவு பற்றி அவர் சொல்லாமல் எதையும் போடாதீர்கள்.

வீட்டிலேயே அளப்பது

இது இல்லாமலும் சிலர் சமாளிக்கிறார்கள். என்னைக் கேட்டால், முதல் மாதத்திலேயே கற்றுக்கொள்ளுங்கள் என்பேன். மருத்துவமனையில் மிரண்டு நிற்கும் பூனையின் 380-ஐவிட, வீட்டில் படுத்திருக்கும் பூனையின் 240 உண்மைக்குப் பக்கத்தில் இருக்கும்.

காது ஓரமாக ஒரு மெல்லிய ரத்தக்குழாய் ஓடும், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் தெரியும். குத்த வேண்டியது அந்தக் குழாயில் அல்ல. குழாய்க்கும் காதின் விளிம்புக்கும் இடையே உள்ள சின்ன இடத்தில். முதலில் காதைச் சூடு படுத்துங்கள். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து அரை நிமிடம் காதில் ஒற்றினால் ரத்த ஓட்டம் கூடும். உங்கள் கைக்கு இதமான சூடே போதும். காதுக்குப் பின்னால் மடித்த பஞ்சோ டிஷ்யூவோ வைத்துக்கொண்டு குத்துங்கள், இல்லாவிட்டால் உங்கள் விரலில் இறங்கும். கொஞ்சம் வாசலின் தடவியிருந்தால் ரத்தம் ரோமத்தில் பரவாமல் துளியாக நிற்கும். கருவியில் செருகிய ஸ்ட்ரிப்பின் முனையைத் துளியில் தொட்டால் அதுவே உறிஞ்சிக்கொள்ளும். பிறகு சில வினாடி அழுத்திப் பிடியுங்கள், காயம் கன்றாமல் இருக்கும். உடனே ஒரு துண்டு இறைச்சி. ஒரு வாரத்தில் பல பூனைகள் இறைச்சிக்காக அவையே வந்து உட்கார்ந்துவிடும்.

மனிதர்களுக்கான குளுக்கோமீட்டர் பூனை ரத்தத்தில் பொதுவாக உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். மனித ரத்தத்தில் சிவப்பணுக்களுக்குள் இருக்கும் குளுக்கோஸின் பங்கும் பூனை ரத்தத்தில் இருப்பதும் ஒன்றல்ல என்பதே காரணம். ஆல்ஃபாட்ராக் போன்ற விலங்குக் கருவிகளில் இதற்கேற்ற திருத்தம் உண்டு. எதை வைத்திருந்தாலும் அதையே தொடர்ந்து பயன்படுத்துங்கள், எந்தக் கருவி என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். உடலில் ஒட்டிக்கொள்ளும் ஃப்ரீஸ்டைல் லிப்ரே சென்சாரும் பூனைகளுக்குப் பயன்படுகிறது. மனிதர்களுக்கு 14 நாள் இருக்கும் சென்சார் பூனை உடம்பில் சில நாளிலேயே கழன்றுவிடுவதும் உண்டு. ஒவ்வொரு தடவையும் குத்தாமல் இரவு பகல் ஏற்ற இறக்கத்தைப் பார்க்க அது நல்ல வழி.

எப்போது அளப்பது? ஊசிக்கு முன்னால் ஒரு தடவை. எதற்குக் கீழே போனால் ஊசி போடக்கூடாது என்று மருத்துவர் ஒரு கோடு சொல்வார். தொடக்கத்தில் அது 150-க்கும் 200-க்கும் இடையில் எங்காவது இருப்பது வழக்கம். அவ்வப்போது ஒரு நாள் முழுக்க, ஊசி போட்டதிலிருந்து இரண்டு மணிக்கு ஒரு தடவை, அடுத்த ஊசி வரை அளந்து ஒரு வரைபடம் எடுப்பார்கள். அதில் பார்ப்பது இரண்டு விஷயம்: சர்க்கரை எவ்வளவு தாழ்வாகப் போகிறது, எந்த மணியில் போகிறது. அந்தத் தாழ்புள்ளி 80-க்கும் 150-க்கும் இடையில் இருந்து, மீதி நேரமும் பெரும்பாலும் 300-க்குள் ஓடினால் நன்றாகவே போகிறது என்று அர்த்தம். மனிதர்களுக்குச் சொல்வதுபோல் நாள் முழுக்க இயல்பான அளவு வேண்டும் என்று துரத்தினால்தான் தாழ்சர்க்கரையில் போய் விழுவோம்.

ஊசிக்கு முன் 350 காட்டியது, அதனால் இன்று ஒரு யூனிட் கூட்டிப் போட்டேன் என்பது நான் அடிக்கடி கேட்கும் வசனம். ஒரு எண்ணைப் பார்த்து அளவைக் கூட்டக் கூடாது. அந்த 350-க்குச் சில மணி நேரம் முன்போ பின்போ அது 70-ஆக இருந்திருக்கலாம். புதிய அளவு உடம்பில் நிலைபெற ஐந்து முதல் ஏழு நாள் ஆகும். அதற்குள் மாற்றினால் எது எதனால் நடந்தது என்றே தெரியாமல் போகும். குறைக்க மட்டும் காத்திருக்க வேண்டாம். தாழ்ந்துவிட்டது என்றால் அன்றே மருத்துவரிடம் பேசி மாற்றுங்கள்.

எண்கள் ஒருபுறம் இருக்கட்டும். தண்ணீர் குடிப்பது குறைந்திருக்கிறதா, மணல் தட்டுக் கட்டிகள் சின்னதாகியிருக்கின்றனவா, எடை நிற்கிறதா, தன்னைத்தானே நக்கிச் சுத்தம் செய்துகொள்கிறதா? வாரம் ஒரு தடவை எடை பார்த்து எழுதி வைத்தாலே மருத்துவருக்குப் பாதி வேலை குறையும்.

சாப்பாடு

பூனை கட்டாய ஊனுண்ணி. மாவுச்சத்தைக் கையாளும் கல்லீரல் வசதி அதற்குக் குறைவு. அதனால் சர்க்கரைப் பூனைக்குப் புரதம் மிகுந்த, மாவுச்சத்து குறைந்த ஈர உணவுதான் பொதுவான சிபாரிசு. கலோரியில் மாவுச்சத்தின் பங்கு 12 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. உலர் உணவு உருண்டையாக நிற்கவே மாவு தேவை, எனவே “தானியம் இல்லாதது” என்று எழுதியிருந்தாலும் அதில் கிழங்கோ பட்டாணியோ இருக்கும்.

உறையில் மாவுச்சத்து எவ்வளவு என்று பெரும்பாலும் போடமாட்டார்கள். நீங்களே கணக்குப் போடலாம். ஒரு டின்னில் நூற்றுக்குப் புரதம் 11, கொழுப்பு 6, ஈரம் 78, சாம்பல் (தாது உப்புகள்) 2, நார் 1 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 98. நூறில் மீதி 2 மாவுச்சத்து. இனி, கிராமுக்கு இத்தனை கலோரி என்ற கணக்கு: புரதத்தை 3.5-ஆல் பெருக்கினால் 38.5, கொழுப்பை 8.5-ஆல் பெருக்கினால் 51, மாவுச்சத்தை 3.5-ஆல் பெருக்கினால் 7. கூட்டினால் 96.5. அதில் 7 என்பது ஏழு சதவீதம் சொச்சம். இந்த டின் தேறிவிட்டது. உறையில் போடுவது குறைந்தபட்ச, அதிகபட்ச அளவுகள் என்பதால் விடை தோராயமானதுதான், ஆனால் இரண்டு உணவை ஒப்பிட இது போதும்.

ஏற்கெனவே இன்சுலின் போட்டுக்கொண்டிருக்கும் பூனைக்கு உணவை மாற்றுவதென்றால் மருத்துவரிடம் சொல்லிவிட்டு, அளந்து பார்த்துக்கொண்டே, ஒன்றிரண்டு வாரத்தில் மெல்ல மாற்றுங்கள். இன்சுலின் தேவை சட்டென்று குறையலாம். சிறுநீரகக் கோளாறும் சேர்ந்து இருந்தால் புரதக் கணக்கு வேறு மாதிரி போகும். அதை நாமாக முடிவு செய்ய முடியாது. குண்டுப் பூனை எடை குறைய வேண்டும், ஆனால் வாரத்துக்கு உடல் எடையில் ஏறத்தாழ ஒரு சதவீதம் என்ற வேகத்தில்தான்.

வாய்வழி மருந்துகள்

ஊசியே வேண்டாம், மாத்திரை இல்லையா? இருக்கிறது. பெக்சாகிளிஃப்ளோசின் என்ற மாத்திரைக்கு அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2022 டிசம்பரிலும், வெலாகிளிஃப்ளோசின் என்ற சொட்டு மருந்துக்கு 2023 ஆகஸ்டிலும் அனுமதி கொடுத்தது. இரண்டும் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுபவை, நாளுக்கு ஒரு தடவை கொடுத்தால் போதும். ஆனால் இதற்கு முன் இன்சுலின் போடாத, நன்றாகச் சாப்பிடும், மற்றபடி ஆரோக்கியமான பூனைகளுக்கு மட்டுமே இவை. கொடுக்கும் முன் ரத்தப் பரிசோதனையும் கொடுத்த பின் தொடர் கண்காணிப்பும் வேண்டும். உடம்பில் போதிய இன்சுலின் இல்லாத பூனைக்குக் கொடுத்தால் கீட்டோஅசிடோசிஸ் என்ற நிலை வரும். கருவியில் சர்க்கரை அளவு நன்றாகவே தெரியும்போதே அது வரலாம் என்பதுதான் இதன் வம்பு.

அந்தக் கீட்டோஅசிடோசிஸ், மருந்தில்லாமல் விட்ட எந்தச் சர்க்கரைப் பூனைக்கும் வரக்கூடியது. குளுக்கோஸைப் பயன்படுத்த முடியாத உடம்பு கொழுப்பை எரிக்க ஆரம்பித்து, அதிலிருந்து வரும் கீட்டோன்கள் ரத்தத்தை அமிலமாக்கும். பூனை சாப்பாட்டை வெறுக்கும், வாந்தி எடுக்கும், சோர்ந்து மூலையில் கிடக்கும். மூச்சில் நகப்பூச்சு அழிக்கும் திரவம் போன்ற வாடை சிலருக்குத் தெரியும். இதற்கு வீட்டு வைத்தியம் கிடையாது. ரத்தக்குழாய் வழியாகத் திரவமும் இன்சுலினும் ஏற்ற வேண்டும், விடிகிற வரை காத்திருக்கக் கூடாது. மேலே “சர்க்கரை கூடினால் தாங்கும்” என்று சொன்னதற்கு இது விலக்கு: கூடிய சர்க்கரையோடு வாந்தியும் சாப்பிடாமையும் சேர்ந்தால் கதை வேறு. சிறுநீரில் கீட்டோன் காட்டும் ஸ்ட்ரிப் ஒரு டப்பா வீட்டில் வைத்திருங்கள்.

சிறுநீர்த் தொற்று, பல் ஈறு நோய் இரண்டும் இன்சுலினை வேலை செய்யவிடாது. நன்றாகப் போய்க்கொண்டிருந்த சர்க்கரை காரணமில்லாமல் ஏறினால் முதலில் வாயைத் திறந்து பாருங்கள், சிறுநீரையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

இன்சுலின் தேவைப்படாமல் போகும்போது

சிகிச்சையைத் தாமதிக்காமல் தொடங்கி, மாவுச்சத்தைக் குறைத்து, எடையையும் குறைத்த பூனைகளில் சில மாதங்களில் ஒரு மாற்றம் தெரியும். தாழ்புள்ளி மேலும் மேலும் கீழே வரும், ஊசிக்கு முன் அளவே 150-க்குப் பக்கத்தில் நிற்கும். மருத்துவர் அரை அரை யூனிட்டாகக் குறைத்துக்கொண்டே வருவார். இன்சுலினே இல்லாமல் நான்கு வாரம் சர்க்கரை இயல்பாக இருந்தால் நோய் தணிந்துவிட்டது என்கிறார்கள். எல்லாப் பூனைக்கும் இது வாய்க்காது. நோய் பழையதாக ஆக வாய்ப்பும் குறையும். ஸ்டீராய்டால் வந்த சர்க்கரை, ஸ்டீராய்டை மருத்துவர் சொன்னபடி மெல்ல நிறுத்தியதும் போய்விடும் வாய்ப்பு நன்றாகவே உண்டு.

தணிந்தது என்பதற்கு முற்றிலும் குணமானது என்று பொருளில்லை. கணிசமான பூனைகளுக்குத் திரும்ப வருகிறது. ஆகவே அதே உணவைத் தொடருங்கள், ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒரு தடவை காதில் ஒரு துளி எடுத்துப் பாருங்கள், மறுபடி தண்ணீர்க் கிண்ணம் சீக்கிரம் காலியானால் அன்றே அளந்து பாருங்கள். வேறு மருத்துவரிடம் போக நேர்ந்தால், “இதற்குச் சர்க்கரை இருந்தது, ஸ்டீராய்டு கொடுப்பதற்கு முன் யோசியுங்கள்” என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லிவிடுங்கள்.